ஈஸ்டருக்கு மறுநாள்

நான் சுத்த சைவம். நாக்கு மட்டும் அசைவம் என்பார் என் வீட்டுக்காரர். அதில் பொய் இல்லை. யாரைப் பற்றியும் நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் பியூலா டீச்சரைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த வராது. அவளைப் போல அடம் பிடித்தவளை இந்தத் தாம்பரத்தில் நான் பார்த்ததில்லை. அந்த அடத்தால்தான் ஒரு பிள்ளை பிழைத்தது.

முடிச்சூர் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனம். முன் போர்ஷனில் அவர்கள், பின் போர்ஷனில் நாங்கள், கிணறு இருவருக்கும் பொது. பியூலாவின் கணவர் தனசிங் மின்சார ரயில் ஷெட்டில் ஃபிட்டர். பியூலா பக்கத்து நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். "விடை மட்டும் எழுதினா மார்க் கிடையாது, வழி எழுது" என்பதுதான் வகுப்பில் அவள் ஓதும் வேதம். விடை சரியாக இருந்தும் என் பெரிய பெண்ணுக்கு மார்க் குறைத்தாள். அந்தக் கோபம் எனக்கு ஒரு வருஷம் இருந்தது.

வீட்டில் இன்னொரு ஆள், தனசிங்கின் அக்கா ரத்தினபாய். கணவன் போன பிறகு திருநெல்வேலியிலிருந்து தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தவள். அடுப்படி முழுக்க அவள் ராஜ்யம். என் வாய்க்கே அவள் வாய் அக்கா.

பியூலாவுக்கு முதலில் பிறந்தது ஆண். நல்ல எடை, நல்ல அழுகை. பால் குடித்தது. இரண்டு மூன்று நாளில் குடிப்பதை நிறுத்தியது, தூங்கியது, பிறகு எழுப்ப முடியவில்லை. அடுத்தது எப்சிபா. அவள் தங்கினாள். அதற்கடுத்தது மறுபடியும் ஆண். அதே மாதிரி பால் குடித்து, அதே மாதிரி தூங்கி, அதே மாதிரி போய்விட்டது. செவ்வாப்பு என்றார்கள், ஜன்னி என்றார்கள். ரத்தினபாய் வேறு ஒன்று சொன்னாள்.

"ஒம் பால்ல வெசம் இருக்கு, பியூலா. அதான் எங்க வீட்டு ஆம்பளைப் பிள்ளைங்க தங்க மாட்டேங்குது."

நானும் கிணற்றடியில்தான் நின்றிருந்தேன். பியூலா வாளியை எடுத்துக் கிணற்றில் விட்டாள். இழுத்தாள், ஊற்றினாள், மறுபடி விட்டாள். தொட்டி நிரம்பியது, குடங்கள் நிரம்பின, என் வீட்டு அண்டாவும் நிரம்பியது. அந்தப் பேச்சு எழுந்த போதெல்லாம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் தண்ணீர்ப் பஞ்சமே இருக்காது. ரத்தினபாயை நான் மனதார வெறுத்தது அந்த நாட்களில்தான்.

எப்சி வளர்ந்தாள். குழந்தையிலிருந்தே கறி, மீன், முட்டை எதையும் வாயில் வைக்கமாட்டாள். சாம்பாரில் பருப்பைக் கூட விரலால் ஒதுக்குவாள். திருநெல்வேலிக் கிறிஸ்தவ வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை ஒரு பிள்ளை வேண்டாம் என்றால் அது சமைத்தவளுக்கு எவ்வளவு பெரிய அவமானம்! ரத்தினபாய் மடியில் உட்கார வைத்து ஊட்டுவாள், மிரட்டுவாள், மூக்கைப் பிடிப்பாள். சாப்பிட்ட அன்றைக்கோ மறுநாளோ பிள்ளை வாந்தி எடுக்கும். கண் சொருகும். குடித்தவன் போலத் தள்ளாடி நடக்கும், சம்பந்தமில்லாமல் பேசும், பிறகு அடித்துப் போட்டாற்போலத் தூங்கும். எழுந்ததும் முகம் வெளிறி, கால் வலுவில்லாமல் கிடக்கும். "பிள்ளை வீக்கா இருக்கா" என்று ரத்தினபாய் ஆட்டுக்கால் சூப் வைப்பாள். சூப் உள்ளே போகும். பிள்ளை மறுபடி விழும். மறுபடி சூப்.

வைத்தியத்துக்குக் குறைவில்லை. ஒரு டாக்டர் வலிப்பு என்று மாத்திரை கொடுத்தார். ஒருவர் மூளைக் காய்ச்சல் என்றார், ஒருவர் குடல் பூச்சி. ஜெபக்காரர் ஒருவர் வந்து தலையில் எண்ணெய் வைத்தார். நானும் யாருக்கும் தெரியாமல் பிள்ளை நெற்றியில் விபூதி பூசினேன். பியூலா பார்த்தாள், துடைக்கவில்லை.

"எல்லாரும் விடை சொல்றாங்க அக்கா. ஒருத்தரும் வழி சொல்லல" என்றாள்.

இதில் பழி விழுந்தது மீன்காரி அங்காளம்மா மேல். கோவளத்துக்காரி. கேளம்பாக்கம் வழியாக பஸ் பிடித்து எங்கள் சந்துக்குக் கூடையோடு வருவாள். நாறின மீனைக் கொடுத்துப் பிள்ளையைக் கெடுத்தாள் என்று ரத்தினபாய் தெருவே கேட்கக் கத்தினாள். அங்காளம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னாமா பேசற நீ? காலைல கரையேறின மீனு இது. இதே மீனைத்தான் எங்க வூட்ல நான் துன்றேன், எம் புள்ளைங்க துன்னுது. எங்களுக்கு இன்னா ஆச்சு? என் மீனு மேல பழி போட்டுட்டு நீ நிம்மதியா தூங்கிடுவியா?"

அன்றையிலிருந்து அந்த வீட்டு வாசலில் அவள் கூடையை இறக்கவில்லை. ஆனால் போகும்போது வரும்போது "பொண்ணு எப்டி கீது டீச்சரம்மா?" என்று கேட்காமல் போனதும் இல்லை.

1974-இல் எப்சிக்குப் பத்து வயது. ஈஸ்டருக்கு முன்னால் வரும் லெந்து நோன்புக் காலத்தில் ரத்தினபாய் வழக்கம்போல நாற்பது நாளும் வீட்டில் கறி மீன் அடுப்பேற்றவில்லை. தலையில் பூ இல்லை, சமையலில் ருசியும் இல்லை. கஞ்சி, ரசம், ஏதாவது ஒரு காய், அவ்வளவுதான். எப்சி அந்த நாற்பது நாளும் கயிறு தாண்டினாள், கிணற்றில் தண்ணீர் இழுத்தாள், வகுப்பில் முதலாவதாக வந்தாள். ஈஸ்டர் அன்று அவர்கள் சபையில் அசனம். ஊர்ப் பக்கத்து வழக்கப்படி ஆலய வளாகத்தில் அடுப்பு மூட்டி, ஆட்டுக்கறி சமைத்து, பந்தி பந்தியாக இலை போடுவார்கள். கர்த்தருடைய பந்தியில் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. எப்சியும் சாப்பிட்டாள். மறுநாள் விழுந்தாள்.

திங்கட்கிழமை கிணற்றடிக்கு பியூலா வந்த வேகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"அக்கா, போன வருஷமும் ஈஸ்டருக்கு மறுநாள்தான் விழுந்தா. அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான். லெந்துல ஒரு நாள்கூட விழல. நான் இத்தனை வருஷமா இதைப் பாக்காம இருந்திருக்கேன்!"

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "நான்தான் அப்பவே சொன்னேனே! சைவம் சாப்பிட்டா ஒரு நோயும் அண்டாது. பிள்ளையை என் வீட்ல சாப்பிட விடு" என்றேன். ரத்தினபாய் முணுமுணுத்தாள், ஆனாலும் விட்டாள். ஒரு வாரம் என் ரசம் சாதத்தில் பிள்ளை மலர்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இளைத்த பிள்ளையாயிற்றே என்று நாலு பருப்பும் ஊறவைத்து அரைத்து, கனமாக அடை வார்த்து, வெண்ணெய் வைத்துக் கொடுத்தேன். ஆசையாக மூன்று தின்றாள். அன்று சாயங்காலமே கண் சொருகியது. இந்த முறை தட்டினாலும் எழவில்லை. என் சைவப் பெருமை மண்ணைக் கவ்வியது.

தனசிங் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறினார். பியூலாவும் நானும் பின்னாலேயே ஓடினோம். நகரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குளுகோஸ் ஏற்றியதும் மெல்லக் கண் திறந்தாள். ரத்தத்தைச் சோதித்த பெரிய டாக்டர், அம்மோனியா என்று ஒன்று இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது என்றார். ஈரலில் கோளாறு, ஆனால் எந்தக் கோளாறு என்று தெரிய வேண்டுமானால் ஊசி போட்டு ஈரலிலிருந்து ஒரு துணுக்கு எடுக்க வேண்டும். எடுக்கலாமென்றால் இவளுக்கு ரத்தம் சீக்கிரம் உறையவில்லை. குத்தினால் உள்ளேயே கசிந்து ஆபத்தாகிவிடலாம். குத்தாவிட்டால் நோயின் பெயர் தெரியாது. பெயர் தெரியாமல் எதைக் கொடுப்பது, எதை நிறுத்துவது?

"இன்னும் ரெண்டு மூணு தடவை இப்படி விழுந்தா மூளை தாங்காதும்மா. நீங்க மனசைத் தயார் பண்ணிக்குங்க" என்றார்.

பியூலா மனதைத் தயார் செய்துகொள்ளவில்லை. ஈரலைக் குத்தக் கையெழுத்தும் போடவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. அந்த வார்டுக்கு வருகிற டாக்டர்களை ஒருவர் விடாமல் மறித்து, ஈஸ்டர் கதையையும் அடைக் கதையையும் சொன்னாள். பாதிப் பேர் நடந்துகொண்டே கேட்டார்கள். பக்கத்து வார்டு டாக்டர் தேவானந்தம் மட்டும் நின்றார். சீமையில் படித்துவிட்டு வந்தவர், ஓயாத வயிற்றுப்போக்கை ஆராய்கிறவர், அவரும் இவர்களைப் போலக் கிறிஸ்தவர்தான்.

"லெந்துல நல்லா இருக்காளா?" என்று முதலில் சிரித்தார். அடுத்த நொடி சிரிப்பு நின்றுவிட்டது. "அடையிலயும் விழுந்தாளா? அப்போ கறி இல்ல விஷயம். கறி, மீன், முட்டை, பருப்பு, பால், எல்லாத்துலயும் இருக்கிற புரதம்."

பிறகு அவர் விளக்கினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. தனசிங் ரயில்வே பாஷையில் சொன்ன பிறகுதான் முழுசாக விளங்கியது.

"புரதம் செரிச்சா அம்மோனியா மிச்சமாகும் அக்கா. அது விஷம். அதை உப்பா மாத்தி மூத்திரத்துல அனுப்பறதுக்கு ஈரல்ல வரிசையா ஆள் போட்டிருக்கு. நொதிங்கறாங்க. எப்சிக்கு அதுல ஒரு ஆள் சரியா டூட்டிக்கு வர்றதில்ல. கூட்ஸ் வண்டி எல்லாம் யார்டுல தேங்கி, கடைசியில மூளைக்குள்ள போயிடுது. ஈரல் மெயின் ஷெட். ஆனா சிறுகுடல்ல ஒரு பிராஞ்ச் ஷெட் இருக்காம். அதே ஆள் அங்கயும் வேலை பாக்கறானாம். மெயின் ஷெட்டைக் குத்த வேண்டாம், பிராஞ்ச்ல போய்ப் பாத்தா போதும்னு டாக்டர் சொல்றாரு."

குடலுக்குள் எப்படிப் போவது? அதற்கு டாக்டரிடம் ஒரு கருவி இருந்தது. மாத்திரை அளவில் பளபளக்கும் ஒரு குமிழ், அதன் வாலில் மெல்லிய நீளக் குழாய். குமிழை விழுங்க வேண்டும். அது இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்கு இறங்கியதும், வெளியே இருக்கும் குழாய் முனையில் காற்றை உறிஞ்சினால், குமிழுக்குள் இருக்கும் கத்தி குடலின் உட்தோலில் அரிசி மணி அளவு நறுக்கும். வலிக்காது. இழுத்தால் வந்துவிடும். கசிவு வராமலிருக்க முதலில் ஊசி மருந்து போட்டு ரத்தம் ஓரளவாவது உறைகிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்; ஈரலைக் குத்த அது போதாது, குடலுக்குப் போதும் என்றார். வயிற்றுப்போக்குக்காரர்களுக்கு எத்தனையோ முறை செய்திருந்தாலும், இந்த நோய்க்கு அவர் செய்வது இதுவே முதல் தடவை. வெளிநாட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள், நாமும் பார்ப்போம் என்றார்.

"ஒண்ணு போதாது. அம்மாவோடதும் வேணும். நோயில்லாத ஒருத்தரோடதும் வேணும், அதே நாள்ல. பக்கத்துல வச்சுப் பாத்தாதான் குறைவுன்னு சொல்ல முடியும்."

தனசிங்குக்கு வயிற்றுப் புண். ரத்தினபாய் குமிழைப் பார்த்ததுமே ஸ்தோத்திரம் சொல்லிப் பின்வாங்கினாள். எனக்கோ, பல் தேய்க்கும்போதே குமட்டும். இந்தச் சங்கதி சந்தில் பரவி அங்காளம்மா காதுக்கும் போயிற்று. மறுநாள் ஆஸ்பத்திரியில் வந்து நின்றாள், கூடை இல்லாமல், துவைத்த சேலையில்.

"என் கொடலை எடுத்துப் பாரு டாக்டரே. அதே மீனைத் துன்னு வளந்த கொடல் இது. கொறை என் மீன்லயா, இல்ல வேற எங்கனா கீதான்னு இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சு பூடணும்."

எப்சி குமிழைப் பார்த்து வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அங்காளம்மா அவள் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இத்தினி நாளு தூண்டி முள்ளை மீனு முழுங்கிச்சு. இன்னிக்கு மீன்காரி முழுங்கறா, பாத்துக்கோ கண்ணு!"

ஒரே மடக்குத் தண்ணீரில் முழுங்கினாள். வாயோரம் குழாய் தொங்க, கண்ணில் நீர் வழிய, எப்சியைப் பார்த்து இளித்தாள். எப்சி சிரித்துவிட்டாள். வாய் திறந்த சமயத்தில் அவளுடைய குமிழ் உள்ளே போனது. மூன்றாவதாக பியூலா. எக்ஸ்ரேயில் பார்த்துப் பார்த்து, இடம் வந்ததும் ஒவ்வொருவரிடமும் ஒரு அரிசி மணி எடுத்து ஐஸில் வைத்தார்கள். அன்று டாக்டரின் கையைப் பார்த்தபடி நான் வேண்டிய தெய்வங்களில் எங்கள் தெய்வமும் உண்டு, அவர்கள் தெய்வமும் உண்டு.

அந்தத் துணுக்குகளை அரைத்து, ஏதோ சேர்த்து, வெதுவெதுப்பில் வைத்து, கடைசியில் ஒரு மருந்து விட்டுக் கொதிக்க வைத்தார்கள். நொதி எவ்வளவு வேலை செய்ததோ அவ்வளவு நிறம் ஏறுமாம். டாக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று கண்ணாடிக் குழாய்கள் இருந்தன. அங்காளம்மாவுடையது குங்குமப்பூ கரைத்தது போல நல்ல ஆரஞ்சு. பியூலாவுடையது அதில் பாதி. எப்சியுடையது எலுமிச்சை பிழிந்த தண்ணீர் போல லேசாக ஒரு சாயல்.

பள்ளிக்கூடம் போகாதவளுக்கும் புரிந்தது. "அப்போ என் மீன்ல கொறை இல்ல" என்றாள் அங்காளம்மா.

"இல்லம்மா. உங்க மீனும் நல்லது, உங்க குடலும் நல்லது" என்றார் டாக்டர்.

பியூலா தன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ என்கிட்டேருந்துதான் வந்ததா டாக்டர்?"

"ஆமா. உங்க மூக்கு அவளுக்கு வந்த மாதிரி இதுவும் வந்திருக்கு. அதுக்கு யாரும் பொறுப்பில்ல. பெண் பிள்ளைக்குக் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும். ஆண் பிள்ளைக்கு வந்தா ஒண்ணுமே இருக்காது."

அவள் கேட்க நினைத்ததைக் கேட்க முடியாமல் நின்றாள். நான் கேட்டேன். என் நாக்கு எதற்குத்தான் இருக்கிறது? "போன ரெண்டு பையன்களுக்கும் இவ பால்தான் விஷம்னு வீட்ல பேச்சு, டாக்டர். அது நிஜமா?"

டாக்டர் பியூலாவைப் பார்த்துச் சொன்னார். "நீங்க கொடுத்தது நல்ல பால். எந்தத் தாய் கொடுத்திருந்தாலும், பசும்பால் கொடுத்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அந்தப் பிள்ளைங்களால எந்தப் பாலையும் தாங்க முடியாதும்மா."

ரத்தினபாய் கதவோரம் சோற்றுத் தூக்கோடு நின்றிருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்தது. பியூலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதுதான், டாக்டர், வழியோட எழுதின விடை" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

பெயர் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. கறி, மீன், முட்டை கிடையாது. வளருகிற பிள்ளை என்பதால் பருப்பும் பாலும் அளந்து ஒரு கரண்டி, அதற்கு மேல் இல்லை. சோறு, காய், பழம், ஜவ்வரிசி தாராளம். காய்ச்சல் வந்தால் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்த வருஷம் ஒரு தடவை ஓடினார்கள். விழுவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார்கள். ரத்தினபாய் மட்டும் பேச்சே அற்றுப் போயிருந்தாள். அடுப்படியில் பாத்திரம்கூடச் சத்தம் போடவில்லை. அவள் வாய் ஓய்ந்ததில் எனக்கே வீடு வெறிச்சோடிவிட்டது.

அடுத்த ஈஸ்டர் வந்தது. அசனத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள், ரசம் சாதம் உண்டு என்ற உறுதியின் பேரில். பந்திக்கு முன்னால் சபையார் எழுந்து சாட்சி சொல்வது அவர்கள் வழக்கம். ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்லி உட்காருவார்கள். ரத்தினபாய் எழுந்தாள்.

"எந் தம்பி பொண்டாட்டி பால்ல வெசம்னு நான் சொன்னேன். ஒரு தடவ இல்ல, பல தடவ. இங்க இருக்கிற பாதிப் பேருகிட்டயும் சொல்லியிருக்கேன். அது பொய். அவ பால் நல்ல பால்னு டாக்டரே சொல்லிட்டாரு, எங் காதால கேட்டேன். வீடு வீடா வந்து திருப்பிச் சொல்ல எனக்குக் கால் வலி. அதனால கர்த்தர் சந்நிதியில எல்லாருக்குமா சேத்துச் சொல்லிட்டேன். பியூலா, என்னை மன்னிச்சிரு."

பியூலா எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உக்காருங்க மதினி" என்று மட்டும் சொன்னாள்.

இலை போட்டார்கள். எனக்கும் ரத்தினபாய்க்கும் நடுவில் எப்சி. கறி வாளியோடு வந்த ஆள், கர்த்தருடைய பந்தியில் வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று கரண்டியை நீட்டினார். ரத்தினபாய் இரண்டு கையையும் விரித்து எப்சியின் இலையை மூடினாள்.

"ஒரு சொட்டு விழுந்துச்சு, ஒம்ம வாளி கிணத்துல கிடக்கும்! எம் மருமகளுக்கு ரசம் கொண்டாரும்!"

ஓய்ந்திருந்த வாய் திரும்பி வந்துவிட்டது. கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. விடிந்ததிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் எல்லோர் காதும் எப்சி தூங்கிக்கொண்டிருந்த முன் அறையில் இருந்தது. தனசிங் ஷெட்டுக்குப் போகாமல் வாசலில் சைக்கிளைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். நான் ரசம் வைத்துவிட்டு இறக்க மறந்தேன். பியூலா கிணற்றில் வாளியை விட்டுவிட்டு, இழுக்காமல் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

சந்து முனையில் குரல் கேட்டது. அங்காளம்மா வந்துகொண்டிருந்தாள். வழக்கமாக எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறவள், அன்று நின்று கூடையை இறக்கினாள்.

"பொண்ணு எய்ந்துச்சா?"

ரத்தினபாய் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ஆனால் பதில் சொன்னது அவள் இல்லை. அவளுக்குப் பின்னால் கலைந்த தலையோடு எப்சி வந்தாள். யாரையும் சட்டை செய்யவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய், அம்மாவின் கையிலிருந்து கயிற்றை வாங்கி, தண்ணீரை இழுத்து முகம் கழுவினாள்.

"பசிக்குதும்மா" என்றாள்.

பியூலா துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் வாய்விட்டு அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.